தோளுக்குக் கீழே பத்து சென்டிமீட்டர்

தேர்வுக்கு மாடலை நாமே கூட்டி வர வேண்டும். மாடலின் முடி தோளுக்குக் கீழே பத்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அந்த அறிவிப்பைப் படம் எடுத்து, மாடலாக வர ஒப்புக்கொண்ட என் பெரியம்மா மகள் ஷார்லீனுக்கு அனுப்பியிருந்தேன்.

சுவா சூ காங் வீட்டிலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. முடி காதோடு நின்றது.

"எப்படி இருக்கு? நேத்து ஃபேரர் பார்க் சலூன்ல வெட்டினேன். எக்ஸாம்ல போட்டோ எடுப்பாங்கல்ல, நீட்டா இருக்கட்டும்னு."

"வெட்டுறதுதான்டி எக்ஸாமே!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாரி லா. மிச்சம் இருக்கிறதுல ஏதாச்சும் பண்ண முடியாதா?"

உயர்நிலை மூன்றாம் ஆண்டில் பள்ளியை விட்டு நின்றவள் நான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே கழிப்பறைக்கு ஓடிவிடுவேன். ஒன்றரை வருடம் வீட்டில் இருந்த பிறகுதான் இந்தத் தொழிற்பள்ளியின் முடிதிருத்த வகுப்பில் இடம் கிடைத்தது. இந்தத் தேர்வில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றுவிட்டேன். இன்றும் தோற்றால் பள்ளியிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். தேர்வு பத்து மணிக்கு.

கேன்டீனுக்கு ஓடினேன். நீள முடியோடு ஒரு சீன மாணவி வரிசையில் நின்றாள். பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பியதும் "சாரி" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

"என்னம்மா பிரிஜட், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" தண்ணீர்க் கடை ஆமினா பீவி ஆன்ட்டி கேட்டார்.

சொன்னேன். அவர் மைலோ பானம் கலக்குவதை நிறுத்தவில்லை.

"என் முடி இடுப்பு வரைக்கும் கிடக்கு. காய வைக்கவே நேரமில்ல. வெட்டிடு. ஆனா ஆம்பளைங்க முன்னாடி முக்காட்டை எடுக்க மாட்டேன்."

தேர்வாளர் ஸ்ரீராம் சார். தேர்வு அறைக்கு நான்கு பக்கமும் கண்ணாடி. ஆன்ட்டியோடு சார் முன்னால் போய் நின்றேன். ஆன்ட்டி பேசுவார் என்று காத்திருந்தேன். அவரோ என்னை முழங்கையால் இடித்தார்.

"சார்... என் மாடல் மாறிட்டாங்க. இவங்களுக்குத் தனி ரூம் வேணும். லேடி எக்ஸாமினர் வேணும்."

"இதெல்லாம் நேத்தே சொல்லணும், தெரியாது?"

"நேத்து இவங்க என் மாடல் இல்ல சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. தொலைபேசியில் பேசிவிட்டுச் சொன்னார்: "வைதேகி மிஸ் பத்து இருபதுக்குத்தான் வர முடியும். ஆனா பதினொன்னுக்கு எல்லாருக்கும் முடிஞ்சிடும். உனக்கும்தான்."

துண்டுகள் அடுக்கும் அறையைத் தந்தார்கள். ஷார்லீன் கதவுக் கண்ணாடியில் துண்டுகளை ஒட்டினாள். மிஸ் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஆன்ட்டி முக்காட்டை எடுத்தார். நனைத்துச் சீவவே பத்து நிமிடம் போனது.

"ஒரே இடத்தை நாலு தடவை அளக்கிறியேம்மா."

"ஆமா ஆன்ட்டி."

"அளந்துக்கோ. காதை மட்டும் விட்டுவை."

பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருந்தபோது மிஸ் சீப்பை வைத்து அளந்தார். "இடது பக்கம் அரை சென்டிமீட்டர் அதிக நீளம்."

"வெட்டட்டுமா மிஸ்?"

"என்னை ஏன் கேக்கிறே?"

வெட்டினேன். மிஸ் மறுபடி அளந்தார், தாளில் எழுதினார், கூட்டினார், இன்னொரு முறை கூட்டினார்.

"ஐம்பத்திரண்டு. ஐம்பது எடுத்தா போதும்."

கத்திரிக்கோலைப் பிடித்தபடியே தாளை எட்டிப் பார்த்தேன்.

"அதான் பாஸ்னு சொல்லிட்டாங்கள்ல," என்றார் ஆன்ட்டி. "கத்திரிக்கோலைக் கீழ வைம்மா. எனக்குப் பயமா இருக்கு."