பேர் வெட்டிய வாணலி

பிடிவாதத்தில் தாய்க்கு மகள் இளைத்தவளில்லை. புதுக்கோட்டை கீழராஜ வீதியில், பெரியண்ணன் என்ற வியாபாரியின் பாத்திரக்கடையில், அரைமணி நேரமாக அதுதான் நடந்துகொண்டிருந்தது. மகள் சத்யபிரியா நான்ஸ்டிக் வாணலியைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. சுகுணாவோ எவர்சில்வர் வாணலியை விடுவதாயில்லை.

"கோட்டிங் ரெண்டு வருசத்துல உரிஞ்சு போயிரும்த்தா. எவர்சில்வர்னா காலத்துக்கும் கெடக்கும்."

"உரிஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கிறேன். ஒன் எவர்சில்வரு அடிப்பிடிச்சாலும் கரியானாலும் தேய்ச்சுத் தேய்ச்சு வச்சுக்கிட்டே இருக்கணும்."

வாணலியைத்தான் சொன்னாளா?

ஐந்து வருடத்துக்கு முன்னால் கல்யாணச் சீர் எடுத்ததும் இதே கடையில்தான். ஐம்பத்தொரு பாத்திரம். திருமயத்து மாப்பிள்ளை சரவணக்குமார் தங்கமான பையன் என்று ஊரே சொன்னது. தங்கமாம் தங்கம்! கை நீட்டுகிற தங்கம். முதல் தடவை கன்னம் வீங்கி வந்து நின்றவளை, "போகப் போகச் சரியாயிரும்" என்று சுகுணாவே பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள். இரண்டாம் தடவை பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டு, அவனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் தடவை பிரியா கீரமங்கலத்தில் அம்மா வீட்டுக்கு வரவில்லை, நேரே வக்கீலிடம் போய்விட்டாள். போன மாதம் விவாகரத்து ஆயிற்று. சீர்ப் பாத்திரம் ஒன்றுகூட வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்போது கோயம்புத்தூரில் வேலை, சாயங்காலம் பஸ்.

தன் கையால் ஒரு சாமானாவது வாங்கிக்கொண்டு போகமாட்டாளா என்பதுதான் சுகுணாவின் தவிப்பு. வாங்கிக்கொண்டால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். அப்படித்தான் அவள் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

பிரியா நான்ஸ்டிக்குக்குக் காசைக் கொடுத்துவிட்டு, போன் வந்ததென்று தெருவுக்கு இறங்கினாள். சுகுணா எவர்சில்வரை அவசரமாகப் பெரியண்ணனிடம் நீட்டினாள்.

"பேரு வெட்டிரலாமாக்கா?" பேர் வெட்டாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட வெளியே போகாது.

"வெட்டுங்கண்ணே. நாலு பொண்ணுங்க ஒரே ரூம்பு, மாறிப் போயிரக் கூடாது. எம்மக பேரு மட்டும் போதும்." அந்த 'மட்டும்' என்பதை அழுத்திச் சொன்னபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

"இனிசியல்?"

"ச."

மிஷின் கிர்ரென்று இரைந்து முடித்தது.

பஸ் ஸ்டாண்டில் பையை இறக்கி வைத்துவிட்டு, சுகுணா பயந்து பயந்து வாணலியை நீட்டினாள்.

"விட மாட்டேல்ல நீ? சரி குடு. பைக்குள்ள எடம் இருக்கு."

அப்பாடா! சுகுணாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜிப்பைத் திறந்த பிரியா, வாணலியைத் திருப்பி விளிம்பில் 'ச. சத்யபிரியா' என்றிருந்ததைப் படித்தாள். கை நின்றது.

"அப்பா பேரு நாகராசு தானே? 'ச' யாரு?"

அடக் கடவுளே. ரேஷன் கார்டு, பேங்க், மொய்க் கவர் என்று மகள் பேருக்கு முன்னால் ஐந்து வருடம் எழுதி எழுதிப் பழகிய மாப்பிள்ளையின் எழுத்து. அது இன்றைக்கா வாயில் வந்து உட்கார வேண்டும்?

"வாய் தவறிப்போச்சுத்தா. சத்தியமா தெரியாம..."

"தெரியும்மா." பிரியா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ரெண்டு தடவை ஒன்னைய நம்பி வந்தேன். ரெண்டு தடவையும் நீ என்னைய அவனுக்குத்தானே எழுதி அனுப்புன." வாணலியை அம்மாவின் கையில் திரும்ப வைத்தாள். "நீயே வச்சுக்க. ஒன் மாப்பிள்ளை பேருதானே."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பிரியா பையோடு ஏறி அங்கிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவன் எனக்கு மாப்பிள்ளை இல்லத்தா!" என்று சுகுணா கத்தியபோது பஸ் ரோட்டுக்கு வந்து திரும்பிவிட்டது. கன்னம் வீங்கி வாசலில் வந்து நின்றாளே, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.