ஜோசபினுக்கு ஒரு பூசை

1

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பல் விளக்கினேன். சட்டையைத் தேய்த்தேன். கீழே காப்பிக் கடையில் பாலில்லாத ஒரு கோப்பி ஓ, இரண்டு ரொட்டி. பஸ். எட்டரைக்கு அலுவலகம். இந்தக் கதை அங்கேதான் எனக்குக் கிடைத்தது. சொந்தக் கற்பனை இல்லை.

பக்கத்து மேசையில் பெட்டி என்று ஒரு பெண். ஜப்பானியப் படக்கதைகளை வாடகைக்கு எடுத்து வருவாள். எல்லாம் சீன மொழியில் இருக்கும். அவளுக்குச் சீனம் வாசிக்க வராது.

"அப்புறம் கதை எப்படிப் புரியுது?"

"படம் இருக்குல்ல? பாருங்க, ஆபீஸ்ல ஒரு பொண்ணு. பேய். இவன் அவள லவ் பண்றான். யாரும் யாரையும் கடிக்கல. ரொம்ப டீசன்ட் லா."

"முடிவு?"

"இன்னும் அஞ்சு புக் இருக்கு. வேற யாரோ எடுத்துட்டாங்க. நீங்க எழுதுங்களேன், வீட்ல சும்மாதானே உக்காந்திருக்கீங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் மனைவி ரீத்தா இறந்து ஒன்றரை வருடம். அவள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: நள்ளிரவு. அலுவலகத்தில் யாரும் இல்லை. அப்போது ஒரு

(வேண்டாம். எல்லாப் பேயும் அப்போதுதான் வரும்.)

இரண்டாவது: செசில் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி. மதியம் பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பாதிப் பேர் சாப்பிடப் போவார்கள், மீதிப் பேர் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். அந்த அரையிருட்டில், வெளியூருக்குச் செய்தி அனுப்பும் டெலக்ஸ் எந்திரம் தானாக அடிக்கத் தொடங்கியது. புதுக் குமாஸ்தா எட்மண்ட் நிமிர்ந்தான். ஜோசபின் உட்கார்ந்திருந்தாள். அந்த டெலக்ஸை முன்பு பார்த்துக்கொண்டவள். இறந்து மூன்று வருடம்.

(எப்படி இறந்தாள்? காய்ச்சல் என்று எழுதினேன். உடனே கதைக்குள் மருத்துவமனை வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

"நீங்க பேயா?" என்றான் எட்மண்ட்.

"ஆமா. நீங்க ஹாங்காங் மெசேஜ் மூணையும் அனுப்பாமலே வீட்டுக்குப் போய்ட்டீங்க. நான் அனுப்பிட்டேன்."

"தேங்க்ஸ்."

"பரவால்ல. தூங்குறவங்கள எழுப்பாம பேசுங்க லா."

காதல் இப்படித்தான் தொடங்கியது. தினமும் ஒரு மணி நேரம், கிசுகிசுப்பாக.

3

செத்தவர்களுக்குப் படையல் வைக்கும் சீனர்களின் ஏழாம் மாதம் வந்தது. முதலாளி பின்சந்தில் ஊதுவத்தி ஏற்றி ஆரஞ்சு, சோறு, கோப்பி எல்லாம் வைத்தார். ஜோசபின் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சாப்பிடுங்களேன்," என்றான் எட்மண்ட்.

"என் பேருக்கு வெக்கல. அடுத்தவங்க சாப்பாடு."

எட்மண்டுக்கு அது மனத்தில் தைத்தது. அவள் பேருக்கு ஒன்று வேண்டும் என்று நினைத்தான். அவள் பிறந்தநாளுக்கு ஓஃபிர் ரோட்டு மாதா கோயிலில் அவள் ஆத்துமாவுக்காக ஒரு பூசை வைத்தான். பரிசு என்று நினைத்து வைத்தான்.

மறுநாள் அவள் விரல் பட்டும் டெலக்ஸ் விசை இறங்கவில்லை. முழங்கை வழியாகக் காலண்டர் தெரிந்தது.

"எனக்குப் பூசை வெச்சீங்களா?"

"சந்தோஷப்படுவீங்கன்னு."

"சந்தோஷந்தான். ஆனா பாதி போய்ட்டேன், எட்மண்ட். ஆத்துமா மோட்சத்துக்குப் போகத்தான் பூசை வெப்பாங்கன்னு ஞானோபதேச வகுப்புல சொல்லித் தரல?"

இன்னொரு பூசை வைத்தால் முழுக்கப் போய்விடுவாள்.

"போகணுமா உங்களுக்கு?"

"அங்க எங்கம்மா இருக்காங்க," என்றாள். பிறகு, "இங்க நீங்க இருக்கீங்க," என்றாள்.

(இந்த இரண்டாவது வரியை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் திரும்ப வைத்தேன். ஜோசபின் சொன்னாளா, எனக்குக் கேட்க வேண்டியிருந்ததா, தெரியவில்லை.)

4

நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்கள் திருநாள். அதற்கு முன்னால் கோயிலில் எல்லாருக்கும் ஓர் உறை தருவார்கள். இறந்தவர் பெயரை எழுதிப் உண்டியலில் போட வேண்டும். மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசை. எட்மண்ட் உறையோடு உண்டியல் முன்னால் நிற்கிறான்.

முடிவு அ: போடுகிறான். மறுநாள் மதியம் டெலக்ஸ் சும்மா இருக்கிறது. அவன் போய்

முடிவு ஆ: போடவில்லை. தினமும் பன்னிரண்டு மணிக்கு அவள் வருகிறாள். அவனுக்கு நரை விழுகிறது. அவள் அப்படியே. அவள் அம்மாவைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பெட்டியிடம் படித்துக் காட்டினேன். "ஆ தான் நல்லா இருக்கு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பாவம் அந்தப் பொண்ணு," என்றாள்.

இந்த வருட உறை என் வீட்டு மேசையிலும் இருக்கிறது. போன வருடத்து உறையும் இருக்கிறது. இரண்டிலும் பெயர் இல்லை. ஆகவே எட்மண்டுக்கு முடிவு எழுத நான் சரியான ஆள் இல்லை.

5

எப்படி முடித்தாலும் ஜோசபின் கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டும்.

"என்னை மறந்துடாதீங்க." (அடித்துவிட்டேன்.)

"உங்களுக்காகக் காத்துக்கிட்டு" (இதையும்.)

ரீத்தா இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. ஜோசபினும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உறையைப் போடுவதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் தருகிறேன், உதவினால் உதவட்டும். பொது வார்டு, ரீத்தாவின் கடைசிச் சாயங்காலம். நான் தம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன். ரீத்தா தலையை அசைத்து அதைத் தள்ளினாள்.

"மொதல்ல பக்கத்து பெட் ஆன்ட்டிக்குக் குடுங்க. அவங்களப் பாக்க யாரும் வரல."