பங்காளி கொல்லைப் புழு

குன்னத்துக்குத் தெற்கே, பருத்திக் கொல்லை வரப்பில் அன்று காலை இருந்தவர்கள் நான்கு பேர்: கொல்லைக்குச் சொந்தக்காரர் நல்லதம்பி, அவருடைய மருமகள் சசிகலா, பக்கத்துக் கொல்லைக்காரரும் பங்காளியுமான முத்துவேல், மருந்தடிக்க வந்த சாமிதுரை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் யாரும் அங்கே இருக்கவில்லை.

விவகாரம் முந்தின வாரம் ஒரு காதுகுத்துப் பந்தியில் தொடங்கியது. தம் பருத்திச் செடிகளில் ஒரு புழு ஊர்வதை நல்லதம்பி பார்த்திருந்தார். கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, முதலைக்குட்டி போன்ற நடை. மூன்று தலைமுறையாக அந்தக் கொல்லையில் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே அது முத்துவேல் கொல்லையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இலை போட்டு உட்கார்ந்திருந்த பங்காளிகள் அத்தனை பேர் முன்னிலையிலும் அதைச் சொல்லிவிட்டார். முத்துவேல் பாயசத்தைத் தொடாமல் எழுந்து போனார்.

நல்லதம்பி சொன்ன சொல்லை மாற்றியதில்லை. பஞ்சாயத்து என்றால் ஊரார் அவரைக் கூப்பிடுவது அதற்காகத்தான்.

"அது என் கொல்லைப் புழு இல்லன்னு இன்னிக்கி நீங்க ஒத்துக்கணும்ண்ணே," என்றார் முத்துவேல்.

"மருந்தடிச்சிட்டுப் பேசுவம். சாமிதுரை, டேங்க்க எடு."

"கொஞ்சம் இருங்க மாமா." சசிகலா ஓர் ஊறுகாய் பாட்டிலை நீட்டினாள். வாயில் துணி கட்டியிருந்தது. "காதுகுத்து முடிஞ்ச மறுநாள்லேருந்து வளர்க்கிறேன்."

"புழுவையா? வூட்லயா?"

"அடுப்படியில."

"பேரு வச்சாச்சா?" என்றார் சாமிதுரை. நல்லதம்பி திரும்பிப் பார்த்ததும் அவர் டேங்கைத் துடைக்கத் தொடங்கினார்.

பாட்டிலுக்குள் ஒரு புழு, இலையில் அசையாமல் ஒட்டியிருந்த ஒரு கூடு, கறுப்புப் புள்ளி வைத்த ஒரு சிவப்பு வண்டு.

"மூணும் ஒண்ணுதான் மாமா. பொறிவண்டு. புழுவா இருக்கறப்பதான் நமக்கு அடையாளம் தெரியல. இது இலையத் தொடாது, இலையில சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சியத்தான் திங்கும்."

அசுவினி அப்பிய இலை ஒன்றை உள்ளே போட்டாள். புழு உடனே வேலையைத் தொடங்கியது. நல்லதம்பி குனிந்து, புழு இருந்த செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அசுவினி குறைந்திருந்தது. அது இலையில் விட்டிருந்த பிசுபிசுப்பும் போயிருந்தது.

முத்துவேலும் பார்த்தார். நிமிர்ந்தார்.

"அது என் கொல்லைப் புழுதாண்ணே."

"இப்பத்தான இல்லேன்ன?"

"அது கெட்ட புழுவா இருந்தப்ப. பந்தியில நீங்களே சொன்னீங்கல்ல?"

நல்லதம்பி யோசித்தார். புழு தம் கொல்லையில் பிறந்தது என்றால் கொல்லைக்குப் பெருமை. பந்தியில் சொன்ன சொல் போய்விடும். சொல் நிற்கட்டும் என்றால், பருத்தியைக் காப்பாற்றியது முத்துவேல் கொல்லை என்றாகும். புழுவை வெகுநேரம் பார்த்தார். அது தின்றுகொண்டிருந்தது.

"சொன்னது சொன்னதுதான். உன் கொல்லையிலேருந்துதான் வந்துச்சு." தொண்டையைக் கனைத்தார். "நல்ல புழு."

"அப்ப மருந்துங்க?" என்றார் சாமிதுரை.

"வூட்டுக்குப் போ."

நல்லதம்பி முத்துவேலிடம் மன்னிப்புக் கேட்டதாக வாலிகண்டபுரம் வரை பேச்சு போயிருக்கிறது. கேட்கவில்லை. புழுவைத்தான் பாராட்டினார்.