துப்பாக்கி துருப்பிடிக்க ஒரு மன்றாட்டு

"போர்முனையில் நிற்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் துருப்பிடித்து, சுடும் நேரத்தில் சிக்கிக்கொள்ள வேண்டுமென்று மன்றாடுவோம்" என்று ஞாயிறு பூசையில் வாசித்தார் சந்தியாகு. கோயிலே ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. முப்பது வருஷம் மறைக்கல்வி வாத்தியார். சமாதானத்துக்கு ஒரு வரி எழுதச் சொன்னால் காவியத்துக்கே அடிக்கல் நாட்டிவிடுவார்.

அன்றைய பூசை யாருடைய வேண்டுதலுக்காக என்று மட்டும் அவர் பார்த்திருக்கவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கும் மகன் லூசியான் எல்லைக் காவலுக்குப் போகிறான், பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று அவன் தாய் பெர்னதெத் கொடுத்திருந்த பூசை அது. முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் சந்தியாகு அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பெர்னதெத்தின் கைகள் குவியவில்லை.

பூசை முடிந்ததும் விஷயம் தெரிந்து, பங்குச் சாமியாரிடம் ஓடினார் சந்தியாகு.

"அடுத்த ஞாயிறு அந்தப் பையனுக்காகவே ஒண்ணு எழுதி வாசிங்க" என்றார் சாமியார்.

"துப்பாக்கி சுடணும்னா, சுடக்கூடாதுன்னா, சாமி?"

"போர்னாலே தோல்விதான், வாத்தியார். ஆனா அப்பாவிங்களக் காப்பாத்த வேற வழியே இல்லேன்னா ஆயுதம் எடுக்கிறதத் திருச்சபை ஒத்துக்குது. எடுக்க மாட்டேங்கிறவன் மனசாட்சியையும் மதிக்கச் சொல்லுது."

"அப்ப நான் வாசிச்சது?"

"நல்ல மன்றாட்டு. வாசிச்சிருக்கக் கூடாது."

சாயங்காலம் அரைக் கிலோ குலாப்ஜாமூனோடு தருமபுரத்தில் பெர்னதெத் வீட்டுக்குப் போனார் சந்தியாகு. அந்தத் தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் தெரியும். பெர்னதெத்தின் கணவரும் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து மறைந்தவர்.

"என் மன்றாட்டு எதுவும் இதுவரைக்கும் பலிச்சதில்லம்மா. தலைமுடிக்காக இருபது வருஷம் மன்றாடியிருக்கேன், நீங்களே பாருங்க."

பெர்னதெத் பார்க்கவில்லை.

"எல்லாரும் கேட்டருளும்னு சொன்னப்ப, பழக்கத்துல நானும் சேந்து சொல்லிட்டேன், வாத்தியாரே. என் புள்ள துப்பாக்கி சிக்கிக்கணும்னு, என் வாயாலயே."

அடுத்த வேடிக்கைப் பேச்சைச் சந்தியாகு தயாராக வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு, குலாப்ஜாமூன் பெட்டியைக் கீழே வைத்தார்.

"லூசியானுக்கு நான்தாம்மா பாடம் நடத்துனேன்" என்றார் மெதுவாக. "கொலை செய்யாதேங்கிற கட்டளைய வகுப்புலயே அவன்தான் சத்தமா ஒப்பிப்பான். எழுதினத மாத்த எனக்கு மனசு வரல. மாத்தாம உங்க முகத்தப் பாக்கவும் முடியல. சாமியார் ரெண்டு பக்கமும் பேசுறாரு. எதிர்ல ஒருத்தன் நின்னு, அவனா நம்ம புள்ளையான்னு வந்துட்டா, நீங்க ஆண்டவர்கிட்ட என்ன கேப்பீங்க? அத அப்படியே வாசிக்கிறேன்."

பெர்னதெத் அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"சுடட்டும். சுட்டுட்டு உசுரோட வரட்டும். அது பாவம்தான், இல்லேன்னு நான் சொல்லல. அவன் செஞ்ச பாவத்தச் சாமியார்கிட்டச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறப்ப, அவனுக்கு முன்னாடி நான் போய் முட்டி போடுறேன். ஆனா இதக் கோயில்ல வாசிக்காதீங்க, வாத்தியாரே. அங்க நீங்க எழுதினதுதான் சரி."