வாசலில் நடந்த அற்புதம்

நன்றி சொல்வதில் ஒக்கலிபுரம் ஜெபவீட்டாரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பல்வலி நின்றால் ஸ்தோத்திரம், குழாயில் தண்ணீர் வந்தால் ஸ்தோத்திரம், பிள்ளை தப்பித்தவறிப் பாஸாகிவிட்டால் அதற்குக் கைதட்டி இரண்டு பாட்டு. வருடக் கடைசி ஆராதனை என்றால் கேட்கவே வேண்டாம். ஆண்டவர் அந்த வருடம் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். சாட்சி முடிந்த கையோடு க்ளென் கீபோர்டில் பாட்டை எடுப்பான், நோரா டாம்பரினைத் தட்டுவாள், சபை முழுக்க எழுந்து நின்று ஆடும்.

தொண்ணூற்றொன்றிலும் அந்த ஆராதனை நடந்தது. காவிரிக் கலவரத்தில் தமிழர்கள் பயந்து கிடந்ததால் ராத்திரி வேண்டாம் என்று காலையிலேயே வைத்துவிட்டார்கள். தமிழில் சத்தமாகப் பாடலாமா என்று சிலர் இழுத்தார்கள். "உயிரோட வச்சவருக்கு முணுமுணுத்தா நன்றி சொல்லுவீங்க?" என்று ஓஸ்வால்ட் பாஸ்டர் ஓர் அதட்டல் போட்டார்.

நோராவுக்குப் போகவே பிடிக்கவில்லை. அன்றைய பெரிய சாட்சி அவள் கணவன் டெஸ்மண்டுடையது.

கலவரத்தன்று தடியும் பெட்ரோல் கேனுமாக ஒரு கும்பல் அவர்கள் சந்துக்குள் வந்தது. டெஸ்மண்ட் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றான். வந்தவர்கள் அவன் மேல் கை வைக்காமல் நகர்ந்தார்கள். சபைக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாசலில் தேவதூதன் நின்றான் என்று பேசிக்கொண்டார்கள்.

மகள் ஜோவிதா தமிழில் ஏதாவது கேட்டுத் தொலைக்கப் போகிறாளே என்று அவள் வாயைப் பொத்தியபடி கதவுக்குப் பின்னால் நின்ற நோராவுக்குத்தான் மீதி தெரியும். தேவதூதன் நல்ல கன்னடம் பேசினான்.

"நாவு தமிளரு அல்ல சார். தமிளரு பக்கத மனெ, நோடி" என்று டெஸ்மண்ட் கையை நீட்டி அடுத்த வீட்டைக் காட்டினான்.

அடுத்த வீட்டில் இருந்தவன் அசோகன், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். வீடு எரிந்தது. அடிபட்ட அசோகன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அவன் மனைவி சரளா பிரேசர் டவுனில் வேலை செய்யும் வீட்டில் மகள் வீணாவோடு மாட்டிக்கொண்டதால் அவர்கள் இருவரும் பிழைத்தார்கள்.

போக்கிடம் இல்லாத அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தவள் நோராதான். பாய் கொடுத்தாள், சேலை கொடுத்தாள், வீணாவுக்கு ஊட்டிவிட்டாள். தெருவே மெச்சியது. மெச்ச வந்தவர்களைக் கண்டாலே நோரா அடுப்படிக்குள் போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் இந்தக் கூரையையும் விட்டுவிட்டு சரளா எங்கே போவாள் என்று தனக்குத்தானே ஒரு சாக்கும் வைத்திருந்தாள்.

"சபையில அதப் பத்தி வாயத் திறக்காதீங்க" என்று முந்தின நாள் டெஸ்மண்டிடம் கெஞ்சினாள்.

"நான் என்ன பண்ணியிருக்கணும்? உன்னையும் கொழந்தையையும் கொளுத்த விட்டுட்டு நிக்கணுமா?"

"தமிளரு இல்லன்னதோட நிறுத்தியிருக்கலாம்ல?"

டெஸ்மண்ட் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது கர்த்தர் என் வாயில வச்ச வார்த்தை நோரா. அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றான். ஆண்டவருக்கு இதைவிடக் கெட்ட பெயரை அவருடைய விரோதிகூட வாங்கித் தந்திருக்க மாட்டான். ஆனால் அவன் அதை நம்பித்தான் சொன்னான். நம்பாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

காலையில் கிளம்பும்போது சரளாவும் வீணாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வரேன்க்கா. வீட்டுல தனியா இருந்தா அவரு நெனப்பாவே இருக்கு." வேண்டாம் என்று சொல்ல நோராவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆராதனையில் டெஸ்மண்ட் எழுந்தான். கர்த்தர் அந்தப் பாவிகளின் கண்ணைக் கட்டி அனுப்பினார் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். சபை ஆர்ப்பரித்தது. பாட்டு கிளம்பியது. பழகிய கை, நோரா கேட்காமலே டாம்பரினைத் தட்டியது.

பாட்டு அடங்கியதும் பின்வரிசையில் சரளா எழுந்து நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"நான் உங்க ஆளு இல்ல. பேசத் தெரியாது" என்றாள். "அண்ணன் வீட்டு வாசல்ல வந்தவங்களத் திருப்பின சாமிக்கு நானும் நன்றி சொல்லணும். இவுங்க வீடு தப்பிச்சதாலதான் என் பொண்ணுக்குப் படுக்க இடம் கெடைச்சுது. எங்க வீட்டுக்காரரு இந்தச் சாமியக் கூப்பிடல. அவருக்குத் தெரியாது. கூப்பிட்டிருந்தா அவரையும் காப்பாத்தியிருக்கும். தப்பு எங்க மேலதான்."

"அல்லேலூயா!" என்று பாஸ்டர் கண்ணீரோடு கத்தினார். இருப்பதிலேயே துள்ளலான பாட்டை க்ளென் எடுத்தான். எல்லோரும் எழுந்து ஆடத் தொடங்கினார்கள்.

நோராவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செத்தவன் மேலேயே பழி விழுகிறதே என்று நெஞ்சு கொதித்தது. டாம்பரினை நாற்காலியில் போட்டுவிட்டு, ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள். சரளாவின் தோளைப் பிடித்துக் காதருகே குனிந்தாள்.

"சாமி திருப்பல சரளா. இவருதான் உங்க வீட்டக் காட்டிவிட்டாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டிருந்தேன்."

இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு ஜெபிக்கிறார்கள் என்று நினைத்த சபை இன்னும் பலமாகக் கைதட்டியது. முன்னால் நின்ற டெஸ்மண்டுக்கு மட்டும் புரிந்தது. அவன் பாடுகிற வாய் திறந்தபடி நின்றது.

சரளா அழவில்லை. "எந்த வீடுன்னு அவுங்க கேட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. இவராத்தான் சொன்னாரு."

"நீ கேட்டுட்டு இருந்தியா?"

இத்தனை நாளும் அக்கா என்றவள் முதல்முறையாக நீ என்றாள். நோரா தலையாட்டினாள்.

பெஞ்சின் மேல் நின்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தபடி வீணா கைதட்டிக்கொண்டிருந்தாள். சரளா திரும்பி, மகளின் இரண்டு கைகளையும் தன் ஒரு கைக்குள் பிடித்து நிறுத்தினாள்.