ஆறாவது வரிசை

கலவை வைக்காமல், ஒன்றோடொன்று கவ்வும்படி அடுக்குகிற கான்கிரீட் பிளாக். நான்கே நாளில் சுவர் எழுந்துவிடும் என்று சொல்லி, சால்ட் லேக் சைட்டுக்கு அதைக் கொண்டுவந்தது நான்தான். அடுக்கியதும் பிளாக்கின் துளைகளில் கம்பி விட்டு, மேலிருந்து கான்கிரீட் ஊற்ற வேண்டும். அந்தக் கான்கிரீட்தான் சுவர். மற்றதெல்லாம் அடுக்கி வைத்த பெட்டி.

2003 ஏப்ரல், மதியம் மூன்று மணி. பன்னிரண்டடி கோடவுன் சுவரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். மேலே கெட்டியாகக் கேட்டது. ஆறாவது வரிசைக்குக் கீழே வெறும் பானைச் சத்தம்.

தலைமைக் கொத்தனார் ரஃபிக்கைக் கூப்பிட்டு பெங்காலியில் கேட்டேன். “உள்ளே என்ன பண்ணினீங்க?”

“ஊத்தினா இடுக்கு வழியா ஒழுகிக் கறையாகுது தீதி. காலி சிமெண்ட் பையைச் சுருட்டி ஆறாவது வரிசைத் துளையிலயே அடைச்சிட்டோம், அதுக்குக் கீழே இறங்காது. இப்பப் பாருங்க, ஒரு கறை கிடையாது!” முகத்தில் அவ்வளவு பெருமை.

பூச்சு இல்லாத சுவர். ‘ஒரு கறை தெரிஞ்சாலும் இடிச்சுக் கட்டணும்’ என்று போன வாரம் கத்தியவள் நான். ஏன் ஒழுகுகிறது என்று ஒரு நிமிடம் நின்று கேட்கவில்லை.

வடமேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கால்பைஷாகி. இந்தப் புயற்காற்று வந்தால் கூலிப் பெண்கள் பிள்ளைகளோடு சுவரோரம் ஒண்டுவார்கள். அவர்களுடைய தார்ப்பாய்க் கொட்டகையே அந்தச் சுவரில்தான் சாய்ந்திருந்தது.

மேனேஜர் பட்டாபியிடம் ஓடினேன். “சார், சுவர் கீழே காலி. கொட்டகையைக் காலி பண்ணணும்.”

“நாளைக்கு ஓனர் வரார். இன்னிக்கு பீதியைக் கிளப்பறியா? உங்கப்பா கார்டன் ரீச் கப்பல் பட்டறைல சங்கிலி இழுக்கற கலாசிதானே? உங்காத்துல நீதான் மொதல் இன்ஜினியர். வேலையைக் காப்பாத்திக்கோம்மா.”

“சங்கிலி அறுந்தா யார் மேல விழும்னு கலாசிக்குத் தெரியும் சார். உங்களுக்குத் தெரியல.”

கொட்டகைக்கு ஓடி எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன்; யாரும் அசையவில்லை. “காத்துக்கு இதுதானே தீதி ஒதுக்கு?” என்றாள் ஒருத்தி. நான் சுத்தியலை ஓங்கி மூன்றாவது வரிசையை உடைத்தேன். உள்ளே தனியாக ஒரு கம்பி. ரஃபிக் முழங்கைவரை கையை விட்டு மேலே துழாவினார். வெளியே வந்தது சிமெண்ட் பையின் கிழிந்த காகிதம். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் பிள்ளையைத் தூக்கியது அவர்தான்.

எல்லோரும் எதிரே மணல் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டாபி வந்தார். உடைத்த ஓட்டையைப் பார்த்தார்.

“பைத்தியமா நீ? எத்தனை சுவர் பார்த்திருக்கேன் தெரியுமா? இது நிக்குமா நிக்காதான்னு இப்போ பாரு!” சுவரில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

காற்று வந்தது. தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்தது. கண்ணில் மணல். துடைத்துவிட்டுப் பார்த்தேன். அவர் தோளை ஒட்டி, ஆறாவது வரிசைக்கு அடியில், நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. அது மூடியது. மறுபடி திறந்தபோது விரல் அகலம் இருந்தது.

“சார், இங்க வந்துடுங்க சார்!”

அவருக்குக் கேட்கவில்லை. சாய்ந்தபடியே காதருகே கையைக் குவித்து, என்ன என்று தலையை அசைத்தார்.