பூந்தொட்டியில் என் பெயர்

நான் செத்துப்போனது எனக்கே குருத்தோலை ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

காலையில் ஆலயத்தில் எல்லோருக்கும் ஈஸ்டர் ஆராதனைப் புத்தகம் கொடுத்தார்கள். எட்டுப் பக்கம். பாட்டுகளை வீட்டில் பழகிக்கொண்டு வரட்டும் என்று ஒரு வாரம் முன்னாலேயே கொடுப்பது எங்கள் சபையின் வழக்கம். யாரும் பழகிக்கொண்டு வராததும் வழக்கம்தான். கடைசிப் பக்கத்தில், பீடத்தைச் சுற்றி வைக்கும் லில்லித் தொட்டிகளின் பட்டியல் இருக்கும்: யார் நினைவாக, யார் கொடுத்த தொட்டி என்று. நான் என் மனைவிக்காக ஒன்று கொடுத்திருந்தேன். ஒன்பதாவது வரியில் அது இருந்தது. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். 'அன்புடன் அளிப்பவர்' என்ற இடத்தில் அவள் பெயர்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நித்திரையாம்! அவள் போன இந்த மூன்று வருஷத்தில் நான் ஒரு நாளாவது ஒழுங்காகத் தூங்கியிருந்தால் அல்லவா? இருந்திருந்தால் அவளும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சொல்லலாம் என்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கூட விட்டேன். அங்கே நான் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன.

யாராவது போன் பண்ணுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷன் செத்துவிட்டான் என்று அச்சடித்து நூற்றைம்பது பேர் கையில் கொடுத்தால், ஒருத்தராவது கேட்க மாட்டார்களா? நானாகப் போய்ச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். யாருக்கு என்மேல் அக்கறை இருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்றொரு வீம்பு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சபையில் பாதிப் பேர் போட்டிருப்பது நான் செய்து கொடுத்த கண்ணாடி. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் அட்டையில் கடைசி வரிப் பொடி எழுத்தைப் படித்துக்காட்டிவிட்டுத்தான் ஒவ்வொருத்தரும் போயிருக்கிறார்கள். கண் தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை யாரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை பாடகர் குழு மாஸ்டரின் போன் வந்தது. பாய்ந்து எடுத்தேன்.

"அண்ணே, புத்தகம் பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றேன்.

"மூணாவது பாட்டுல ரெண்டாம் சரணத்தை விட்டுட்டுப் பாடுறோம். போன வருஷம் மாதிரி நீங்க மட்டும் தனியா பாடிறாதீங்க."

அவ்வளவுதான். புதன்கிழமை வெளியூரிலிருந்து மகன் கூப்பிட்டான். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டான், சாப்பிட்டேன் என்றேன், அதோடு எங்கள் பேச்சு வற்றிவிட்டது. உங்கப்பன் செத்துட்டான்டா என்று வாய்வரை வந்தது. பயந்துவிடுவான் என்று விழுங்கிவிட்டேன். பெரிய வெள்ளியன்று ஆராதனை முடிந்ததும் எல்லோரும் பேசாமல் கலைந்து போக வேண்டும். அதனால் அன்றைக்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விளையாட்டாக ஆரம்பித்தது அதற்குள் விளையாட்டாக இல்லை. சனிக்கிழமை காலையில் கண் விழித்தபோது, நான் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. அது பொறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சண்டை போடக் கிளம்பினேன்.

ஆலயத்தில் சபையே கூடியிருந்தது. ஒரு பக்கம் பித்தளை விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் வெள்ளைத் துணியை உயரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணாடிக்காரரே, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த ஏணியைப் பிடிங்க!"

பிடித்தேன். இறங்கி வந்த பெரியவர், கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை என்றார். பையிலிருந்த குட்டித் திருப்புளியை எடுத்து முடுக்கிக் கொடுத்தேன். நித்திரையடைந்தவனுக்கு இத்தனை வேலை.

பீடத்துக்கு முன்னால் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. என் பெயர் போட்ட தொட்டியில் மூன்று பூ, நன்றாகவே மலர்ந்திருந்தது. அதன் முன்னால் போய் வேண்டுமென்றே நின்றேன்.

"மாமா, கொஞ்சம் தள்ளிக்குங்க, கால்ல தண்ணி சிந்திரும்," என்றபடி ஒரு பெண் என் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அட்டை நனையாமல் அதைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றினாள்.

நேரே அலுவலக அறைக்குப் போனேன். சபையின் கிளார்க்கம்மா தனியாக இருந்தாள். புத்தகம், பட்டியல், அட்டை எல்லாம் அவள் டைப் அடிப்பதுதான்.

"என்னம்மா இது? உயிரோட இருக்கிறவனைச் சாகடிச்சு வச்சிருக்கீங்க!" புத்தகத்தை மேஜைமேல் போட்டேன்.

அவள் பதறவில்லை. "வந்துட்டீங்களா?" என்றாள். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் எழுதிக் கொடுத்த படிவம். 'நித்திரையடைந்தவர் பெயர்' என்று கொட்டை எழுத்தில் இருந்த இடத்தில், என் கையெழுத்தில் என் பெயர். அளிப்பவர் இடத்தில் என் மனைவி பெயர்.

"பழக்கதோஷம்," என்றேன். "எந்த ஃபார்ம்லயும் முதல்ல நம்ம பேரைத்தானே எழுதுறோம்."

அவள் இன்னும் இரண்டு படிவங்களை எடுத்து வைத்தாள். போன வருஷத்தது. அதற்கு முந்தின வருஷத்தது. இரண்டிலும் அப்படியே.

"ரெண்டு தடவையும் நானே மாத்தி அடிச்சேன்ணே."

"இந்தத் தடவை ஏன் மாத்தலை?"

"நான் மாத்திட்டே இருந்தா உங்களுக்குத் தெரியாமலே போயிரும்னு தோணுச்சு. நேர்ல கேக்க வாய் வரலை. அப்படியே அடிச்சா சண்டைக்காவது வருவீங்கன்னு நெனச்சேன். திங்கக்கிழமையிலேர்ந்து வாசலையே பாத்துட்டிருக்கேன். தப்புன்னா மன்னிச்சிருங்க."

நான் யாராவது கேட்பார்களா என்று அங்கே உட்கார்ந்திருக்க, இவள் நான் கேட்பேனா என்று இங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாரமாக. திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை.

"பட்டியலுக்குத் திருத்தச் சீட்டு அடிச்சு எல்லாப் புத்தகத்துலயும் வச்சிர்றேன். தொட்டி அட்டையை மட்டும் நீங்களே எழுதிருங்க." வெள்ளை அட்டையும் பேனாவும் தந்தாள்.

'கர்த்தருக்குள் நித்திரையடைந்த' என்பது வரை எழுதிவிட்டேன். அடுத்து என் மனைவி பெயர். மூன்றே எழுத்து. முப்பத்தைந்து வருஷமாக எத்தனையோ காகிதங்களில் எழுதிய பெயர்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தடவையும் எழுதியதில்லை. கல்லறைக் கல்லுக்குக்கூட மகன்தான் எழுதிக் கொடுத்தான். அப்போது நான் வராந்தாவில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பேனா நகர மறுத்தது. கிளார்க்கம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று எழுத்தையும் எழுதினேன். அந்தச் சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு என் மனைவி இறந்துபோனாள். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அடக்கத்தன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். சத்தம் வெளியே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

வெகுநேரம் கழித்து, "அண்ணே," என்றாள் கிளார்க்கம்மா, முகத்தைத் திருப்பாமலே. "கீழே இடம் இருக்கு பாருங்க. கொடுக்கிறவர் பேரையும் எழுதுங்க."